கோட்டை தெரியும், கொத்தளம் தெரியுமா?

மூடுபனி இல்லாத காலையில் அப்புத்தளை டவுனில் நின்று தெற்கே பார்த்தால், மலை அப்படியே அறுந்து விழுந்தது போலக் கீழே இறங்கும். அடியில் வெல்லவாயப் பக்கத்துக் காடும் வயலும் குளமும் தெரியும். வானம் நன்றாகத் தெளிந்திருந்தால் எல்லாவற்றுக்கும் அப்பால் ஒரு வெள்ளி இழையும் தெரியும். அதுதான் கடல். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கடல் என்றால் முதலில் அந்த இழைதான். அதை உடம்பில் தொடுவது பள்ளிக்கூட டூர் போகும் வருஷத்தில்.

அக்கா பிள்ளைகளைக் காலிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். வேன் மாத்தறை வீதியால் வந்து பஸ் நிலையத்தைத் தாண்டியதும் மதில் தெரிந்தது. பெரியவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா மாமா கோட்டை? நம்ம தோட்டத்து ஸ்டோரு இதவிட ஒசரமா இருக்கே!" என்றான். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வேனில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. நாலு மாடி ஸ்டோரைவிடக் குட்டையாக, அகலமாக, கறுப்பாகக் குந்தியிருக்கும் இதை ஏன் இலங்கையிலேயே பெரிய கோட்டைகளில் ஒன்று என்கிறோம்?

பதில் நம் வாயிலேயே இருக்கிறது. "கோட்டை கொத்தளத்தோடு வாழ்ந்தவர்கள்" என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம் அல்லவா? கோட்டை எல்லோருக்கும் தெரியும். கொத்தளம் என்றால் என்ன என்று கேட்டால், 'அது கோட்டையோடு சேர்ந்து வருகிற ஒரு சொல்' என்பதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். கொத்தளம் என்ன என்று புரிந்துவிட்டால், இலங்கையின் கரையோரத்தில் நிற்கும் எந்தக் கோட்டையையும் புத்தகம் இல்லாமலே வாசித்துவிடலாம்.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம். அரண் என்றால் உயரம், அகலம், உறுதி, நெருங்க முடியாமை ஆகிய நான்கும் வேண்டும் என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் அது சரியான கணக்கு. எதிரியிடம் இருந்தவை ஏணி, அம்பு, கல்லெறியும் பொறி, யானை. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு ஏணி எட்டாது. மேலே நிற்பவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும்.

பீரங்கி வந்ததும் இந்த நான்கில் ஒன்று தலைகீழாகிவிட்டது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் படை வெண்கலப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு இத்தாலிக்குள் போனபோது, தலைமுறை தலைமுறையாக நின்ற உயரமான கற்சுவர்கள் மளமளவென்று சரிந்தன. உயரம் என்பது குறி வைக்க வசதியான பலகையாகப் போய்விட்டது. அதோடு, உயர்ந்த சுவரின் அடியில் அடித்தால் மேலே இருப்பது தன் பாரத்தாலேயே விழும். இடிந்த கல் அகழியை நிரப்பி எதிரிக்குப் படிக்கட்டாகவும் ஆகிவிடும். இத்தாலியக் கட்டுநர்கள் அந்த அடியை வாங்கிய பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததுதான் புதுமாதிரிக் கோட்டை. உயரத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள்.

கல்லை அடித்தால் உடையும். மண்ணை அடித்தால் குண்டு உள்ளே புதைந்துபோகும், அவ்வளவுதான். தோட்டத்தில் மண்மேட்டில் கல்லெறிந்து விளையாடியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால் வெளியே ஒரு கற்சுவர், உள்ளே ஒரு சுவர், நடுவில் இறுக்கி அடித்த மண் என்று கட்டினார்கள். காலியில் கருங்கல்லோடு கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். மதில்மேல் ஏறி நின்றால் அது சுவர் என்ற எண்ணமே வராது. புல் முளைத்த ஒரு ரோட்டில் நிற்பது போல இருக்கும். குண்டு வாங்கும் உடம்பு அது.

சரி, அகலம் வந்துவிட்டது. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. கொத்தளம் பிறந்தது இந்தத் தொல்லையால்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அகலமான மதிலின் மேல் நிற்பவனுக்குத் தூரத்தில் வருபவன் தெரிவான். மதிலின் காலடியில் ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் உடம்பில் பாதியை வெளியே நீட்ட வேண்டும். அப்படி நீட்டினால் அகழிக்கு அப்பால் காத்திருப்பவன் சுட்டுவிடுவான். ஆகவே எதிரி எப்படியாவது ஓடிவந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்வான். அங்கேயே நின்று சுரங்கம் தோண்டலாம், வெடிமருந்து வைக்கலாம்.

லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒளிந்து பிடித்து விளையாடியது ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு காம்பரா (அறை) ஒரே வரிசையில் நிற்கும் நீட்டு லயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் காம்பராவின் ஜன்னலுக்குள் நின்று தேடினால், அதே சுவரில் முதுகை ஒட்டி நிற்பவனைக் கண்டுபிடிக்கவே முடியாது. இப்போது லயத்தின் இரண்டு தொங்கலிலும் ஒவ்வொருவரை நிறுத்துங்கள். இருவரும் சுவரை விட்டு நாலு எட்டு முன்னே வந்து, பக்கவாட்டில் திரும்பி ஒருவரையொருவர் பார்க்கட்டும். முழுச் சுவரும் கண்ணில் விழுந்துவிடும். கோழி ஒன்று ஒட்டி நின்றால்கூடத் தெரியும். ஒளிய இடமே கிடையாது.

அந்த 'நாலு எட்டு முன்னே வந்து பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது'தான் கொத்தளம். மதிலின் மூலையில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் மேடை அது. அதன் விலாப்பக்கத்தில் பீரங்கியை வைத்து, மதிலை உரசுவது போல நீளவாக்கில் சுடுவார்கள். எதிரி எத்தனை பேர் வரிசையாக வந்து ஒட்டியிருந்தாலும் ஒரே சூட்டில் எல்லோருக்கும் அடி விழும். முன்னால் இருந்து சுடுவதைவிடப் பக்கத்தில் இருந்து சுடுவது கொடுமையானது.

அப்படியென்றால் மூலையில் வட்டமாக ஒரு கோபுரம் வைத்தால் போதாதா? அதைத்தான் முதலில் செய்தார்கள். வட்டக் கோபுரத்தின் மூக்குக்கு நேர் கீழே, பக்கத்துக் கோபுரத்திலிருந்தும் தெரியாத ஒரு சின்ன முக்கோணம் தப்பிவிட்டது. ஒருவன் ஒளிய அது போதும். ஆகவே பக்கத்துக் கோபுரத்திலிருந்து கயிறு பிடித்தது போலப் பார்வைக் கோடு ஒன்றை இழுத்து, அந்தக் கோட்டின்படியே கோபுரத்தின் முகத்தைச் செதுக்கினார்கள். தெரியாமல் போன முக்கோணத்தையும் கல்லால் அடைத்துக் கோட்டைக்குள் சேர்த்தாகிவிட்டது. அப்படிச் செய்ததும் வட்டம் அம்பு முனையாக மாறியது. நாலு மூலையிலோ ஐந்து மூலையிலோ அம்பு முனை வைத்தால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கோட்டை நட்சத்திரமாகத் தெரியும். அழகுக்காக யாரும் நட்சத்திரம் கட்டவில்லை. பார்வைக் கோடுகளை இழுத்துக்கொண்டே போனதில் தானாக வந்த வடிவம் அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், எந்தக் கொத்தளமும் தன் காலடியைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது என்பதுதான். இதன் காலைப் பக்கத்துக் கொத்தளம் பார்க்கும், அதன் காலை இது பார்க்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது. பென்சில் பிடிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு சதுரம் போட்டு மூலைகளில் அம்பு முனை வரையச் சொல்லுங்கள். ஒரு முனையின் விலாவிலிருந்து அடுத்த முனையின் மூக்குக்குக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிடும்.

தாளில் பார்த்ததைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்றால் மாத்தறையில் இறங்குங்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, தணமல்வில வழியாக அம்பாந்தோட்டைக்கு இறங்கிக் காலிக்குப் போகிறவர்களுக்கு மாத்தறை எப்படியும் வழியில்தான் வரும். அங்கே ஆற்றங்கரையில், ஆறு முனையோடு ஒரு குட்டி நட்சத்திரக் கோட்டை இருக்கிறது. சுற்றி அகழி, ஒரே வாசல், நடுவில் கிணறு. பத்து நிமிஷத்தில் சுற்றிவிடலாம். காலியைப் பார்த்துவிட்டு வருபவர்கள் 'இவ்வளவுதானா' என்று கேட்பார்கள். முதலில் இதைப் பார்த்துவிட்டுக் காலிக்குப் போவதே சரி என்பது என் எண்ணம். அரிச்சுவடி படித்துவிட்டுப் புத்தகம் படிப்பது போல இருக்கும்.

இந்த நட்சத்திரம் ஏன் கட்டப்பட்டது என்பதில்தான் மலைநாட்டுக்காரர்களுக்கான செய்தி இருக்கிறது. 1761இல் கண்டி அரசின் படை இறங்கிவந்து மாத்தறையில் இருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையைப் பிடித்துவிட்டது. அப்போது கண்டியில் இருந்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்க வம்சத்து அரசர். ஒல்லாந்தர் அடுத்த வருஷம் மாத்தறையைத் திரும்ப எடுத்தார்கள். மாத்தறையின் பழைய கோட்டை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மதிலைப் போட்டு மறித்ததுதான். அது போதவில்லை என்று தெரிந்தபின், ஆளுநர் வான் எக் காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில் இந்த நட்சத்திரத்தைக் கட்டினார்கள். வாசலில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. கடலோரத்தில் நிற்கும் கோட்டை, கடலில் வந்த எவருக்கும் பயந்து எழும்பவில்லை. மலையிலிருந்து வந்தவர்களுக்குப் பயந்து எழும்பியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு காலிக்கு வாருங்கள்.

காலி ஒரு முனை நிலம். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டும் தரை. 1588இல் போர்த்துக்கேயர் அங்கே அரண் போட்டபோது தரைப் பக்கம்தான் மதிலும் கொத்தளமும் எழுந்தன. கடல் பக்கம் பாறையும் அலையும் இருக்கின்றன, எந்தக் கப்பலும் ஒட்ட முடியாது, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தரும் முதலில் பலப்படுத்தியது தரைப் பக்கத்தையே. முழு முனையையும் சுற்றிக் கடல் பக்க மதில் முடிந்தது 1729ஆம் ஆண்டளவில்தான்.

இன்று நீங்கள் வெளியே நின்று பார்க்கும்போது முகத்தில் அடிப்பது போல நிற்கும் மூன்று பெரிய கொத்தளங்களும் அந்தத் தரைப் பக்கத்தில் உள்ளவைதான். நடுவில் சந்திரன், ஒரு கையில் துறைமுகப் பக்கம் சூரியன், மறு கையில் திறந்த கடல் பக்கம் நட்சத்திரம். சந்திரன் மேல் 1883இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. நெல்லிக்காய் மூட்டை மாதிரிச் சிதறிக் கிடந்த விஷயமெல்லாம் அங்கே ஒன்றாகச் சேரும். சந்திரனின் விலாவில் நின்று பக்கவாட்டில் பாருங்கள், நேர்மதில் முழுதும் தெரியும். லயத்தின் தொங்கலில் நிற்கும் அதே ஆள்தான் நீங்கள். மொத்தம் 14 கொத்தளங்கள் இருந்தாலும், கடல் பக்கத்தில் உள்ளவை இவற்றுக்கு முன்னால் பிள்ளைகள் மாதிரி. தடித்த தோல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பயம் இருந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. கடல்வழியாக வந்த எதிரிகூட இந்தக் கோட்டையைத் தரை வழியாகத்தான் பிடித்தான். 1640 மார்ச்சில் ஒல்லாந்தத் தளபதி கோஸ்டர் கப்பல்களோடு வந்தார். நேராக முட்டாமல், பக்கத்தில் உணவட்டுனவில் படையை இறக்கி நடத்திக் கொண்டுவந்து, தரைப் பக்க மதிலை உடைத்து 13ஆம் திகதி உள்ளே ஏறினார். ஆடும் கப்பலிலிருந்து சுடும் பீரங்கிக்கும் அசையாத மதிலில் இருந்து சுடும் பீரங்கிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று அந்தக் காலத்துக் கடற்படைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒல்லாந்தரை இந்த வேலைக்குக் கூப்பிட்டவர் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கன். போர்த்துக்கேயரை விரட்டித் தாருங்கள் என்று 1638இல் ஒப்பந்தம் எழுதினார். விரட்டினார்கள். பிடித்த கோட்டைகளில் முக்கியமானவற்றைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்புக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டே பணியவைத்தபோதும் சாவியை அரசரிடம் கொடுக்கவில்லை. சிங்களத்தில் இதற்கென்றே ஒரு பழமொழி உண்டு: இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கியது போல.

அப்படியானால் மலையில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு கொத்தளக் கோட்டை ஏன் இல்லை? கண்டியில் இப்படி எதையும் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். தேவைப்படவில்லை என்பதுதான் காரணம். மலையும் காடும் ஆறும் அரண்தான் என்று பழைய தமிழ் நூல்களே சொல்கின்றன. கண்டி அரசு அதை அப்படியே கடைப்பிடித்தது. அகலமான பாதை வெட்டுவதை அரசு விரும்பவில்லை. ஒற்றையடிப் பாதைகள் மலைக்கு ஏறும் இடங்களில் முள்மரத்தால் செய்த தடுப்புகள் இருந்தன, அவற்றுக்குக் காவலும் இருந்தது. அந்தக் காவல் இடங்களைக் கடவத்தை என்றார்கள். கொழும்பு போகும் வழியில் உள்ள ஊர்ப்பெயரும் அதுதான். கடுகண்ணாவைப் பக்கத்தில் பலன என்ற கணவாய் இருக்கிறது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பார்க்கிற' என்று பொருள். கொத்தளத்தின் வேலையும் பார்ப்பதுதானே? இங்கே அந்த வேலையை மலை செய்தது. ஒரு மேட்டில் நிற்பவன் எதிர் மேட்டின் காலடியைப் பார்ப்பான். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் ஒற்றை வரிசையாக வரும் படைக்கு இரண்டு பக்கமும் விலாச்சூடு. போதாக்குறைக்கு மழை. திரி நனைந்தால் அந்தக் காலத்துத் துப்பாக்கி வெறும் தடி.

காலி போகும் வழியில் வெல்லவாயவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்துவோம் இல்லையா? அதற்குப் பக்கத்தில் ரந்தெனிவெல என்ற இடத்தில் 1630 ஆகஸ்டில் ஒரு போர்த்துக்கேயப் படை முழுதாக அழிந்தது. தலைமை தாங்கியவர் ஆளுநர் கொன்ஸ்தந்தீனு த சா. திருகோணமலையில் 1624இலும் மட்டக்களப்பில் 1628இலும் கோட்டை எழுப்பியவர் அவர்தான். பதுளைக்கு ஏறி ஊரை எரித்துவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த உள்ளூர்ப் படைவீரர்கள் பக்கம் மாறினார்கள், மலைக்காரர்கள் சுற்றி வளைத்தார்கள், அவரும் அங்கேயே செத்தார். கோட்டை கட்டுவதில் கெட்டிக்காரர், கோட்டையை விட்டு வெளியே வந்ததில் முடிந்தது கதை. எட்டு வருஷம் கழித்து, 1638இல், பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் இன்னொரு போர்த்துக்கேயப் படைக்கும் அதே கதி.

காலியைப் பிடித்த கோஸ்டர் மட்டும் தப்பினாரா? அதே 1640இல், கண்டி அரசரைப் பார்த்துவிட்டுக் கிழக்குக் கரைக்குத் திரும்பும் வழியில், கூட வந்த கண்டி ஆட்களே கொன்றுவிட்டார்கள். காலியில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கொத்தளத்துக்கு அக்கர்ஸ்லோட் என்று பெயர். அது கோஸ்டர் பிறந்த ஊரின் பெயர்.

எல்லாக் கோட்டையும் மலையைத்தான் பார்த்தது என்று சொன்னால் அது மிகை. திருகோணமலையில் கதை வேறு. அந்தத் துறைமுகத்துக்காக வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். 1782இல் மட்டும் தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆவணியில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். கோணேசர் கோயிலை இடித்து எழுப்பிய கோட்டைக்குள் புகுந்துதான் இன்றும் கோயிலுக்குப் போகிறோம். நம் ஆட்கள் பலர் மான்களுக்குப் பழம் கொடுத்துக்கொண்டே, கோட்டைக்குள் நடக்கிறோம் என்ற நினைப்பில்லாமலே நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டையோ ஐந்து முனையோடு, வரைபடத்தில் வைத்து வெட்டியது போல இருக்கும். அதன் வெளிக்கட்டுகளை ஒல்லாந்தர் முடித்தது 1792இல். 1795இல் ஆங்கிலேயரிடம் சண்டையில்லாமல் ஒப்படைத்தார்கள். பெயின்ட் காயுமுன் வீடு மாறியது போலத்தான்.

காலியும் 1796இல் அப்படியே கைமாறியது. அதற்குப் பிறகு 1815இல் ஆங்கிலேயர் கண்டியை எடுத்தார்கள். பிரதானிகள் அரசரைக் கைவிட்டதுதான் அதற்கு வழி திறந்தது. பீரங்கியால் நடந்த காரியம் அல்ல அது. 1817இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய பின், மலைக்குள் பாதை பாதையாக வெட்டினார்கள். கண்டி அரசர்கள் எதைச் செய்யவிடாமல் வைத்திருந்தார்களோ அதையே செய்தார்கள். அந்தப் பாதைகள் வழியாகக் கோப்பி இறங்கியது. தென்னிந்தியாவிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்கு ஏறினார்கள். மலை திறந்துவிட்ட அன்றே காலியின் அந்தத் தடித்த மதிலுக்கு வேலை போய்விட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோட்டைக்குள் நுழைய டிக்கெட் இல்லை. வெயில் சாய்ந்த பிறகு, நாலு மணி போல, சந்திரன் கொத்தளத்தில் ஏறி, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மதில் மேலேயே நடந்தால் நட்சத்திரத்தைத் தாண்டித் தெற்கு முனையில் வெளிச்ச வீட்டுக்கு வந்துவிடலாம். நின்று பார்த்து நடந்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மலையிலிருந்து போகிற நமக்கு அந்த உப்புச் சூடு ஒத்துக்கொள்ளாது, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். மதிலில் கைப்பிடி எதுவும் கிடையாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாறையிலிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டும் ஆட்களைப் பார்த்து நம் பையன்களுக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பழைய வாசலைத் தவறவிடவேண்டாம். உள்பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வெளிப்பக்கம் ஆங்கிலேயர் தங்கள் சின்னத்தைப் பதித்திருக்கிறார்கள். வீடு மாறினால் பெயர்ப் பலகை மாற்றுவார்களே, அதுதான். உள்ளே தெருக்களுக்கு அடியில் ஒல்லாந்தர் கட்டிய செங்கல் வடிகால்கள் ஓடுகின்றன. கடல் ஏறி இறங்கும்போது அவை கழுவுப்படும்படி அமைத்திருந்தார்கள். 2004 டிசம்பர் சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கடைத்தெருவும் சின்னாபின்னமானபோது, மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். எந்த எதிரியையும் தடுத்துப் பெயர் வாங்காத கடல் பக்க மதில், அன்றைக்கு ஒருநாள் தன் வேலையைச் செய்தது.

காலியில் தமிழ் கேட்காது என்று நினைத்துப் போகாதீர்கள். உள்ளே தலைமுறைகளாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தமிழ்தான் பேச்சு. கோட்டைக்கெல்லாம் முந்தி, 1409ஆம் ஆண்டு பொறித்த சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹேயின் கல்வெட்டும் காலியில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் அதில் இருக்கின்றன. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். மறுபக்கம், ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போனதும் குறைவில்லை. லயத்து இஸ்தோப்பு, தோட்டத்துக் கந்தோர், மேசை லாச்சி, கக்கூசு எல்லாம் அவர்கள் சொல். மலைக்கு அவர்கள் படை ஏறி நிலைக்க முடியவில்லை. சொற்கள் சத்தமில்லாமல் ஏறி வந்து நம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன.

கடைசியாக, சந்திரன் கொத்தளத்தில் நின்று வெளியே தரைப் பக்கம் பாருங்கள். கோட்டைக்கு முன்னால் எப்போதும் ஒரு வெட்டவெளி விட்டிருப்பார்கள். மரம், வீடு, மேடு எதுவும் இருக்கக்கூடாது. வருகிற எதிரிக்கு ஒளிய நிழல்கூடக் கிடைக்காமல் பீரங்கிக்கு நேரே நடந்து வரவேண்டும் என்பதற்காக. காலியில் அந்த வெளிதான் இன்றைக்கு கிரிக்கெட் மைதானம். டெஸ்ட் நடக்கும் நாட்களில் மதில்மேல் ஆட்கள் நிரம்பிவிடுவார்கள், டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம்.

மலையிலிருந்து இறங்கி வருபவனுக்காக அந்த மதில் இருநூறு வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டு நின்றது. 2010 ஜூலை 22ஆம் திகதி கண்டியிலிருந்து ஒரு தமிழர் அந்த வெட்டவெளியின் நடுவில் வந்து நின்றார். கையில் பந்து. இந்தியாவின் ஓஜா தட்டியதை மஹேல பிடித்தார். முரளிக்கு அது 800ஆவது விக்கெட்.